வெள்ளைக் கோடு பேட்டரிப் பக்கம்

இயேசு மரி சூசை துணை

ரோவெல் ரோடு, சிங்கப்பூர்
10.9.1985

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெர்த்தில், ஆஸ்திரேலியக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் உடம்பில் போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஓர் இடம் மட்டும் சரியில்லை, அது உட்காரும் இடம். பத்து நாளாகத் தலையணை போட்டு உட்கார்ந்துதான் சோறு தின்கிறேன், இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். நடந்தது என்னவென்றால், கோயில் மண்டபத்து மொட்டை மாடியில் அல்போன்சம்மாளும் மரியாயின் சேனைப் பெண்கள் ஆறேழு பேரும் திருநாளுக்குக் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உன் அப்பா சுண்ணாம்பு வாளிக்குள் உட்கார்ந்துவிட்டேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன், ஃபியூஸைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வயர்மேனாக இருந்தவன், அதைச் செய்யாமல் ஒரு வயரையும் தொட்டதில்லை. ஃபியூஸ் பையில் இருக்கிறது, இனி யாரும் எனக்குக் கரண்டு விட முடியாது என்ற தைரியத்தில், நீ அனுப்பிய சோலார் பலகையின் வயரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டு நீலமாகப் பளிச்சென்று பொறி அடித்தது. பகல் பன்னிரண்டு மணி, தலைக்கு மேல் சூரியன் நின்றுகொண்டிருக்கிறது, அதன் ஃபியூஸ் என் பையில் இல்லை என்பது வாளிக்குள் போன பிறகுதான் உறைத்தது. இருபது வோல்ட் ஒரு மனிதனைத் தள்ளாது என்று நீ சொல்வாய், தெரியும், கரண்டு தள்ளவில்லை, பயம்தான் தள்ளியது. அல்போன்சம்மாள் பூவைக் கீழே வைக்காமலேயே, கப்பலுக்கெல்லாம் கரண்டு குடுத்த மனுசன் வாளியில உக்காந்து மாதாவுக்கு வெள்ளையடிக்கிறாரு பாருங்கடி என்றாள். அதற்குப் பிறகு திருநாள் முடியும்வரை எங்கே என்னைப் பார்த்தாலும், அண்ணே ஒக்காருங்களேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் கோயிலுக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள், மாதா சிலை நிற்கிற கெபிக்குப் போகிற பூமிக் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டதை முன்பே எழுதியிருந்தேன். வேளாங்கண்ணி மாதா திருநாளுக்குக் கொடி ஏற்றினால் இறக்கும்வரை கெபியில் ராத்திரி முழுக்க விளக்கு எரிய வேண்டும், இது நம் கோயில் வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நீ உன் ஆபீசில் சோதனை முடிந்து ஒதுக்கி வைத்த இரண்டு பலகைகளைக் கேட்டு வாங்கிக் கப்பலில் அனுப்பினாய். பெட்டியை எடுக்க என் பழைய துறைமுகத்துக்கே போனேன். வாசலில் இருந்த காவலாளி புது ஆள், யார் நீங்க, என்ன வேணும் என்று கேட்டான். முப்பத்தோரு வருஷத்தை ஒரு வரியில் சொல்ல முடியாமல், மகள் பெட்டி அனுப்பியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. பெர்னார்ட் சாமி பெட்டியை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துத்தான் திறக்க விட்டார். தீர்த்தம் வயர் மேல் படாமல் நான் கையை வைத்து மறைத்துக்கொண்டேன், அதற்கும் அம்மா முறைத்தாள்.

பெட்டிக்குள் உன் கடிதம் மூன்று தாள் இருந்தது. முதல் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றாவது தாள் புரண்டு பின்பக்கமாக இருந்தது. அதில் மேலே அப்பாவுக்கு மட்டும் என்று எழுதி நீ கோடு போட்டிருந்ததைக் கண்டதும், இது வெறும் சாமான் லிஸ்ட்டு என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்புறம் கீழே மாடிப்படி ஓரம் போய் நின்று படித்தேன். இரண்டு வருஷத்துக்கு என்று போன வேலையை நிரந்தரமாகத் தருகிறார்கள், செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இனி வாழ்க்கை அங்கேதான், நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன், இரு என்றால் இருக்கிறேன், அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன். பாரம் இல்லாத தாள்தான், ஆனாலும் சட்டை மாற்றும் போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டு அலைந்தேனே தவிர ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள், வாளிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. இது நடந்த மறுநாள் அம்மா சம்பால் இடித்துக்கொண்டே என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். ஒன்பது ராத்திரி விளக்கு அணையாமல் எரிந்தால் என் பிள்ளை இங்கேயே திரும்பி வந்துடணும்னு நேர்ந்திருக்கேன், நீங்கதான் வயரைப் பாத்துக்கணும் என்றாள். உலக்கை நிற்கவே இல்லை. நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பலகைகளை மண்டபத்து மாடியில் கிழக்கு மேற்காக வெயில் விழும்படி பூட்டி, வயரைச் சுவரோரமாக இறக்கி, கெபிக்குப் பின்னால் பேட்டரியும் விளக்கும் வைத்தேன். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை இனிமேல் கேள். ஒவ்வொரு வயரையும் என் சோதனைப் பல்பை வைத்துப் பார்த்தேன். பலகையிலிருந்து வரும் இணைப்புப் பெட்டிக்குள் பப்பாளி விதை மாதிரி கறுப்பாக, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டோடு, ஏதோ ஒன்றை வயருக்கு நடுவே பற்ற வைத்திருந்தாய். அதன் ஒரு முனையிலிருந்து சோதித்தால் பல்பு எரிகிறது. திருப்பிப் பிடித்துச் சோதித்தால் எரியவில்லை. நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது போகவும் வரவும் செய்கிற கரண்டு. ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் விடாத வயரைத் துறைமுகத்தில் பார்த்திருந்தால் பாதி செத்த வயர் என்று வெட்டி எறிந்திருப்போம். பாவம் பிள்ளை, அவசரத்தில் பழுதான சாமானை வைத்து அனுப்பிவிட்டாள், யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடுவோம் என்று நினைத்து அதை வெட்டி எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினேன். எதையும் தூக்கி எறியாத என் கெட்ட பழக்கத்தால் அந்த விதையை ஆணி போடும் மைலோ டின்னில் போட்டு வைத்தேன். அந்தப் பழக்கத்துக்காக அம்மா என்னை இருபத்தெட்டு வருஷமாகத் திட்டுகிறாள், இனித் திட்டமாட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொடி ஏறியது, விளக்கு ஜோராக எரிந்தது, பெர்னார்ட் சாமி சவரிராஜின் மகள் அனுப்பியது என்று எல்லோருக்கும் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் பூசைக்குப் போன அம்மா பூசை முடியும்முன்னே திரும்பி வந்து நின்றாள், கெபி இருட்டாயிருக்குங்க என்றாள். பேட்டரி பழசு என்று சொல்லி, டெஸ்கர் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற ஜமால் முகம்மதுவிடம் வேறு பேட்டரி வாங்கிப் போட்டேன். சனிக்கிழமை காலையிலும் இருட்டு. அம்மா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு உன் அறைக்குள் போய்த் துவைத்த விரிப்பையே மறுபடி எடுத்துப் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் காப்பி குடிக்க முடியவில்லை. அம்மாவின் கணக்கில் அது விளக்கு இல்லை, நீ. அன்று பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று மாடி ஏறியபோதுதான் அந்தச் சுண்ணாம்பு வாளி.

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டு ஜமாலைக் கூட்டி வந்தேன். அவன் பெரிய படிப்பாளி இல்லை, என்னைப் போலத்தான், ஆனால் பேட்டரி விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. விளக்கில் கோளாறா என்று கேட்டான். விளக்கைக் கழற்றி வேறு பேட்டரியில் போட்டுப் பார்த்தோம், குடிக்க வேண்டிய அளவுதான் குடிக்கிறது. பேட்டரியில் கோளாறா என்றால், தனியாக வைத்தால் நிற்கிறது. அப்ப வேற யாரோ திருடுறான் அண்ணே என்றான். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய மீட்டரைக் கொண்டு வந்தான், நடுவில் முள் நிற்கும், பேட்டரிக்குள் கரண்டு போனால் வலப்பக்கம் சாயும், பேட்டரியிலிருந்து வெளியே போனால் இடப்பக்கம் சாயும், அவ்வளவுதான். விளக்கு வயரைப் பிரித்து வைத்துவிட்டு, பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைச் சேர்த்து, இரண்டு பேரும் மாடியில் குந்தினோம், அதாவது அவன் குந்தினான், நான் நின்றேன். நாலு மணிக்கு முள் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் தளர்ந்தது. கீழே ஜெபமாலை ஆரம்பித்துவிட்டார்கள். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டார்கள், வானம் சிவந்து மங்கியது, முள் இறங்கி இறங்கி நடுவில் வந்து நின்றது. நிற்கும் என்றுதான் நானும் நினைத்தேன், வெயில் போனால் கரண்டு போச்சு, அவ்வளவுதானே. நிற்கவில்லை உர்சுலா. கீழே ஜெபமாலையில் பத்து மணியை உருட்டிச் சொல்லி முடிப்பதற்குள் முள் நடுவைத் தாண்டி இடப்பக்கம் மெதுவாகப் போனது. ஜமால் மீட்டரைத் தட்டிப் பார்த்தான், கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். பகலெல்லாம் வாங்குனத ராத்திரி திருப்பிக் குடுக்குது லா, பேட்டரியிலேர்ந்து மேல பலகைக்குப் போவுது அண்ணே, அது எதுக்குப் போவுது என்றான். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, ஜமாலிடமும் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாவது தாளைப் பிரித்தேன்.

முன்பக்கத்தில் படம் வரைந்திருந்தாய். பக்கத்தில் உன் கையெழுத்து, சின்ன வயதில் என் வேலைப் புத்தகத்தில் கிறுக்குவாயே அதே சாய்வு. அப்பா, பெட்டிக்குள் கறுப்பாக ஒன்று இருக்கும், டயோடு என்று பெயர், வெள்ளைக் கோடு பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும், ஒரு திசையில்தான் கரண்டு விடும், நீங்கள் பல்பு வைத்துப் பார்த்துப் பழுது என்று கழற்றிவிடுவீர்கள், கழற்றாதீர்கள், ராத்திரியில் பேட்டரியில் உள்ளது பலகைக்குத் திரும்பி ஓடாமல் இருக்கத்தான் அது, பெட்டியில் ஒரு பலகை கொஞ்சம் பழசு, அது அதிகமாகவே இழுக்கும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொன்று. வெயில் இருக்கும்போது வயரில் கை வைக்கும் முன் பலகையைத் துணி போட்டு மூடுங்கள், மெயினை அணைத்து ஃபியூஸைப் பையில் போட்டுக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. நீ அங்கே மூவாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் பையில் ஃபியூஸ் இருப்பதைப் பார்த்திருக்கிறாய். நான் மைலுக்குச் சரியாகக் கணக்குப் போடவில்லை, தூரம் என்று எடுத்துக்கொள். இந்த வரிகளைப் படிக்காமல் விட்டதற்குக் காரணம் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு பாதிதான். மீதிப் பாதி, தாளைப் பிரித்தால் பின்பக்கமும் கண்ணில் படும், பட்டால் பதில் எழுத வேண்டும் என்ற பயம். பிறகு வீட்டுக்கு ஓடி மைலோ டின்னைக் கொட்டினேன், விதை கிடைத்தது. ஜமால் பற்ற வைக்க, நான் வெள்ளைக் கோட்டை இரண்டு தடவை சரி பார்த்தேன். முள் நடுவில் வந்து நின்றது, அசையவில்லை. எப்படி அண்ணே கண்டுபுடிச்சீங்க என்று கேட்டான். என் மகள் எழுதியிருந்தாள், நான் படிக்கவில்லை என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, நல்லா முழுசா சார்ஜ் ஏத்துன பேட்டரி ஒண்ணு கொண்டாறேன், இன்னிக்கி ராத்திரி தாங்கணும்ல என்று போனான்.

அன்றிலிருந்து விளக்கு ஒரு ராத்திரியும் அணையவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கணக்கு இடித்தது. முதல் இரண்டு ராத்திரி போய்விட்டது, எட்டாம் தேதி சாயங்காலம் கொடி இறங்கினால் மொத்தம் எட்டு ராத்திரிதான். மாதாவிடம் அம்மா எப்படிப் பேசுவாள் என்று உனக்குத் தெரியும், தேக்கா சந்தையில் மீன்காரரிடம் பேசுவது போல் மரியாதையாகத்தான் பேசுவாள், விடமாட்டாள். வியாழன் வெள்ளி இவரு பண்ணுன தப்பு, உங்க கணக்குல சேராது, சனிக்கிழமையிலேர்ந்து எண்ணிக்குங்க, ஒன்பதாவது ராத்திரிக்கு நான் பொறுப்பு என்று முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேர் சுற்றி, கொடி இறக்கி, கூட்டம் கலைந்த பிறகு, அல்போன்சம்மாள் என்னைப் பார்த்து இனிமே விளக்கை அமத்திடலாம் அண்ணே, திருநாள் முடிஞ்சுது, ஒக்காந்தே அமத்துங்க என்றாள். அம்மா கொஞ்சம் தள்ளி முழங்காலில் இருந்தாள், திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சுவிட்சில் கை வைத்தேன் உர்சுலா, மறைக்கவில்லை. அமத்திவிட்டால் எட்டு ராத்திரியோடு போகும், மாதா சித்தம் அவ்வளவுதான் என்று அம்மா நாலு நாள் அழுது மனதைத் தேற்றிக்கொள்வாள், உனக்குக் கையெழுத்துப் போட வழி கிடைக்கும், எனக்கும் அவளிடம் வாயைத் திறக்கும் வேலை மிச்சம். ஒரு விரல் அசைத்தால் போதும். ஆனால் நல்லபடியாக எரிகிற ஒரு விளக்கை நான் அணைத்துவிட்டு, அந்தப் பழியை மாதா பேரில் போடுவது வயர்மேன் செய்கிற வேலையாக எனக்குத் தோன்றவில்லை. நாளைக் காலையில் கழற்றுகிறேன் என்று அல்போன்சம்மாளிடம் சொல்லிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றேன். முழங்கால் போடுங்க, ரெண்டு பேரு கேட்டா தட்டமாட்டாங்க என்றாள். போட்டேன். அவள் சத்தமாகவே கேட்டாள், என் பிள்ளை திரும்பி வந்துடணும் தாயே, நான் சாகும்போது பக்கத்தில் இருக்கணும் என்றாள். நான் உதட்டை அசைத்தேன். ஒன்பதாவது ராத்திரியும் விடியும்வரை எரிந்தது, திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மா எனக்கு இரண்டு முட்டை தோசை போட்டாள்.

மற்றபடி இங்கே செய்தி அதிகமில்லை. இந்த வருஷம் நிறைய பேருக்கு வேலை போயிருக்கிறது, கீழ்வீட்டுத் தனசேகரன் கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மழை வந்தால் ரோட்டில் தண்ணீர் நிற்பது அப்படியே இருக்கிறது. நீ ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வடிக்க இருபது நிமிஷம்தான் ஆகும். அம்மா கொடுத்த சம்பால் தீர்ந்திருந்தால் எழுது, பாட்டில் உடையாமல் கட்டும் வித்தை இப்போது எனக்குத் தெரியும், உன் பெட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த டயோடு இன்னும் இரண்டு இருந்தால் அனுப்பு, ஒன்று ஜமாலுக்கு, அவன் கடையில் வைத்து எல்லோருக்கும் விளக்கம் சொல்ல ஆசைப்படுகிறான். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அம்மா தனியாக உன் வீட்டுக்கு எழுதுவாள், அதில் முட்டை தோசை வரைக்கும்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரமாவது லீவு கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டு வை. கையைத் தலையில் வைக்கிற தூரத்தில் நீ இல்லை, அதனால் இந்தத் தாளில் வைக்கிறேன், மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், போகும்போதும் வரும்போதும் உன் கூடவே இருக்கட்டும். வெயிலில் மாடியில் வேலை செய்தால் தொப்பி போடு, மறக்காதே.

இப்படிக்கு,
தலையணை மேல் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா,
சவரிராஜ்

பி.கு. நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று நினைப்பாய். கெபியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள், நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க என்று. நீ கேட்டதைத்தான் நானும் கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அது பொய், அதைச் சரி செய்கிற வேலை என்னுடையது, நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், நானே சொல்கிறேன். முழங்காலில் இருந்து நான் உதட்டுக்குள் சொன்னது இதுதான்: தாயே, எங்கள் வீட்டில் எனக்கு மேலே வேலை தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான், அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, நாங்கள் கூப்பிட்டாலும் அவளைத் திரும்பி வர விடாதே.